முதல் துளை எந்தப் பக்கத்திலிருந்து?

அனுப்புநர்:
சூ. சைமன்ராஜ்,
முதுநிலை மேற்பார்வையாளர் (ஓய்வு), எக்ஸ்கவேட்டர் பராமரிப்புப் பிரிவு,
வட்டம் 19, நெய்வேலி நகரியம்.

நாள்: 20.2.2014, வியாழக்கிழமை, காலை 10.15

பெறுநர்:
திரு. ஆனந்த்ராஜ் அவர்கள்,
பயிற்சி விடுதி, புனே.

பொருள்: தங்கள் காரின் பின்புற ஸ்வே பார் – துளை மாற்றியமைத்தது – தவற்றை ஒப்புக்கொள்ளுதலும் ஒரு வேண்டுகோளும் – தொடர்பாக.

பார்வை: ஏதுமில்லை. தங்களிடமிருந்து எழுத்து மூலமான அனுமதி எதுவும் பெறப்படவில்லை. இக்கடிதம் எழுத நேர்ந்ததே அதனால்தான்.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் சைமன்ராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும், தங்கள் அத்தை மேரிசெல்வியும், வினோலியாவும், தங்கள் காரும் ஆக நால்வரும் நலம். தாங்களும் புனேயில் உணவு, உறக்கம், பயிற்சி மூன்றிலும் குறைவின்றி இருக்க வேண்டும் என்பது எங்கள் அன்றாட மன்றாட்டு. மேற்படி நால்வரில் முதல் இருவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாமவர் என்னோடு பேசி இன்றோடு மூன்று நாள் முழுமையாக முடிகிறது. அதற்குக் காரணம் நான்காமவர்.

இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று தாங்கள் எண்ணலாம். எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கும் வினோலியாவின் அறைக்கும் இடையே ஏழடிதான். மேலும், இயந்திரத்தில் செய்த மாற்றத்தை வாயால் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் தர வேண்டும் என்று 1.2.1974 முதல் 30.6.2008 வரை, அதாவது 34 ஆண்டு 5 மாதம், பிறருக்குச் சொல்லி வந்தவன் நான். எனக்கென்று வரும்போது மட்டும் விதியைத் தளர்த்துவது அழகல்ல.

தாங்கள் 6.1.2014 திங்களன்று புனே புறப்பட்டீர்கள். அடுத்து வந்த ஞாயிறு, 12.1.2014 அன்று, தன் கணிப்பொறி வேலையை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வினோலியா அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சென்னையில் புறப்பட்டது காலை 6.10. எங்கள் வாசலில் நின்றது 8.45. தூரம் 195 கிலோமீட்டர். "மெதுவாத்தாம்ப்பா வந்தேன்" என்றாள். வகுத்துப் பார்த்தேன், மணிக்கு 75 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வந்தது. வழியில் தேநீருக்கு இருபது நிமிடம் நின்றதாகவும் அவள் சொன்னதால், என் கைக்கடிகாரத்தில்தான் பிழை இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து மறுநாளே பழுதுபார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, பழுது ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார். அந்தப் பிழை எங்கே இருக்கிறதென்று இன்றுவரை கண்டுபிடிக்க இயலவில்லை.

இந்தக் குடியிருப்பு ஆசிரியையான தங்கள் அத்தையின் பெயரில், 31.5.2015 வரை ஒதுக்கப்பட்டிருப்பது. ஆகவே காரை எங்கே நிறுத்துவது என்ற முடிவும் அவருடையதே. அவர் முருங்கை மரத்தடியைக் காட்டினார். சிவப்பு நிறமும், இரண்டே இருக்கையும், தரைக்கும் தனக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியும் கொண்ட அந்தக் கார் அங்கே நின்றபோது, பள்ளத்தில் இறங்கி நிற்கிறது என்று நினைத்து, எதிர்வீட்டார் இருவர் தள்ளிவிட ஓடிவந்தார்கள்.

19.1.2014 ஞாயிறு காலைத் திருப்பலிக்கு அதில் போகலாம் என்று வினோலியா தன் அம்மாவை அழைத்தாள். நான் என் ஸ்கூட்டரில் பின்னால் சென்றேன். எங்கள் வீட்டிலிருந்து ஆலயம் வரை வேகத்தடைகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் கார் ஏறி இறங்கும்போது தங்கள் அத்தையின் தலை கண்ணாடி வழியே மேலே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஆலய வாசலில் கதவு திறந்து ஐந்து நிமிடமாகியும் அவர் இறங்கவில்லை. காரணம், இறங்க முடியவில்லை. முழங்கால் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது, புடவை எங்கோ மாட்டியிருக்கிறது. இறுதியில் மரியாயின் சேனையைச் சேர்ந்த இரண்டு பெண்மணிகள் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர் நிமிர்ந்து நின்று, முந்தானையைச் சரிசெய்து, என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: "இது காரா, மாவு சலிக்கிற சல்லடையா? கோயிலுக்கு வந்தவங்க பூரா என்னையே பார்க்கிறாங்க, பீடத்தை ஒருத்தரும் பார்க்கல. நாளைக்கு இந்த ஆட்டத்த நிறுத்துறீங்களோ இல்லியோ, இனிமே நான் உங்க ஸ்கூட்டர்லதான் வருவேன்."

முப்பத்து மூன்று ஆண்டுத் திருமண வாழ்வில் அவர் என் ஸ்கூட்டரை உயர்த்திப் பேசியது இதுவே முதல் முறை. எனினும் மாப்பிள்ளையின் கார் இகழப்பட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்துவது என் கடமை என்று கொண்டேன்.

3.2.2014 திங்களன்று, காரின் முன்பெட்டியில் கையேடு இருக்கிறதா என்று தேடியபோது, கையால் எழுதப்பட்ட ஒரு தாள் கிடைத்தது. அதில், ‘பின் ஸ்வே பார்: தெருவுக்கு 1, தடத்துக்கு 3, இப்போது 2’ என்றும், அதன் கீழே சிவப்பு மையால் வட்டமிட்டு ‘9.3.2014 – தடம்!’ என்றும் இருந்தது. தங்கள் கையெழுத்து என் மகளின் கையெழுத்தை இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். திருமணம் நடந்தது 12.9.2011. இரண்டரை ஆண்டுக்குள் கையெழுத்தும் ஒன்றாகிவிடும் தம்பதியரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று மாலையே காரின் அடியில் பாய் விரித்துப் படுத்து அந்தத் தண்டைப் பார்வையிட்டேன். தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நான் புரிந்துகொண்டது சரியா என்று சரிபார்த்துக்கொள்வதற்காக எழுதுகிறேன். பின்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கிற, இரு முனையும் மடங்கிய எஃகுத் தண்டு அது. வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயும்போது, அந்தத் தண்டு முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. இரு முனையிலும் மும்மூன்று துளைகள். நுனித் துளையில் மாட்டினால் கை நீளம். தண்டு எளிதில் வளைந்துகொடுக்கும், கார் மென்மையாகப் போகும், தெருவுக்கு ஏற்றது. மடிப்பை ஒட்டிய துளையில் மாட்டினால் கை குட்டை. தண்டு விறைக்கும், காரின் வால் துடிப்பாகும், வளைவில் சட்டென்று திரும்பும், பந்தயத் தடத்துக்கு ஏற்றது. நடுத்துளை இரண்டுக்கும் இடைப்பட்டது. அருமையான ஏற்பாடு. சுரங்கத்தில் மண்ணை வெட்டும் எங்கள் ராட்சத எக்ஸ்கவேட்டரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு, அது வளைவில் திரும்பவே அரை நாள் எடுக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

இங்கேதான், மாப்பிள்ளை, என் மனம் கலங்கியது. 9.3.2014 அன்று தாங்கள் அந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்பது அந்தத் தாளால் உறுதியாயிற்று. அது தவக்காலத்தின் முதல் ஞாயிறு என்பதை ஒருபுறம் வைப்போம். நான் பணியாற்றிய இயந்திரம் நிமிடத்துக்கு ஆறு மீட்டர் நகரும். முப்பத்து நான்கு ஆண்டில் அது யாரையும் இடித்ததில்லை. இடிக்கப் போகிறது என்று தெரிந்தால், நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து விலகிக்கொள்ளலாம். தங்கள் கார் அப்படியல்ல. எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரே கணவர். ஆட்டத்தை நிறுத்துவது, தங்களையும் நிறுத்துவது என்ற இரண்டையும் ஒரே ஸ்பானரில் முடிக்கலாம், அதாவது தண்டைத் தெருவுக்குரிய முதல் துளைக்கு மாற்றிவிடலாம் என்று அன்றே முடிவெடுத்தேன்.

உதவிக்கு மருதமுத்துவை அழைத்தேன். அவர் அடுத்த தெருவில் இருப்பவர்; வெட்டிய மண்ணைப் பெல்ட்டில் கொண்டுபோகும் கன்வேயர் பிரிவில் இன்னும் பணியில் இருக்கிறார்; என்னை விட ஆறு வயது இளையவர்; திறமையானவர், ஆனால் கன்வேயர்காரர். 8.2.2014 சனிக்கிழமை வினோலியா தோழி சோபியாவைப் பார்க்கப் பேருந்தில் திருவதிகைக்குச் சென்றிருந்த நேரம். வேலை முறைப்படியே நடந்தது. பணி அனுமதிச் சீட்டு எழுதினேன், நானே கொடுத்தேன், நானே பெற்றுக்கொண்டேன். ‘ஆட்கள் பணியில் – இயக்காதே’ என்ற சிவப்பு அட்டைகள் இரண்டு. ஒன்றை நான் ஸ்டியரிங்கில் மாட்டினேன், மற்றதை அவர் பின்னால் எண்பலகைக்குக் கீழே மாட்டினார். சுரங்கத்தில் பணிபுரிந்த எவருக்கும் இந்த விதி தெரியும்: அட்டையை மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். தலைமைப் பொறியாளரே வந்தாலும் பிறர் அட்டையைத் தொட முடியாது. காரின் பின்பக்கத்தைக் கட்டைகள் அடுக்கி உயர்த்தி, இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர், ஒரே நேரத்தில் படுத்தோம்.

"எந்த ஓட்ட, சார்?" என்றார்.

"முதல் துளை" என்றேன்.

"மொதல் ஓட்டதான? ரைட்டு" என்றார்.

முப்பது நிமிடத்தில் வேலை முடிந்து இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். அட்டைகளை அவரவர் எடுத்தோம். உடனே சோதனை ஓட்டம். என் உரிமம் 14.8.1979-இல் பெற்றது, அன்றுமுதல் இன்றுவரை ஒரு விபத்தும் இல்லை. நகரியத்தின் அகலச் சாலையில் மணிக்கு 22 கிலோமீட்டரில் சென்று, ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றினேன். "என்னமா மெத்துனு போவுது சார், தொட்டில்ல வச்சி ஆட்டுற மாதிரி கீது" என்றார் மருதமுத்து. எனக்கும் அவ்வாறே தோன்றியது. அப்போது பால்காரர் கலியன் சைக்கிளில் எங்களைக் கடந்துபோனவர், திரும்பிப் பார்த்து, "சார், வண்டி ஓடுதா, இல்ல உள்ள உக்காந்துக்கினே தள்ளிக்கினு போறீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நினைத்தபோது அவர் தூரத்தில் இருந்தார்.

ஓடிய வண்டியின் நட்டுகளை ஒரு வாரத்துக்குள் மறுபடி இறுக்கிப் பார்ப்பது முறை. ஆகவே 14.2.2014 வெள்ளி மாலை, வினோலியா பாடகர்குழுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, மீண்டும் அட்டைகளை மாட்டி, மீண்டும் படுத்து, இறுக்கினோம். அதற்குள் மருதமுத்துவின் மனைவி பிரபாவதி தெருமுனையிலிருந்து, "ஏங்க, பைப்புல தண்ணி வந்துடுச்சி, கொடத்தத் தூக்க வாங்க" என்று கூவ, அவர் ஓடிவிட்டார். தன் அட்டையை எடுக்க மறந்துவிட்டார். இந்தச் சிறு மறதியிலிருந்து விளைந்ததே பின்வருவன அனைத்தும்.

மறுநாள் 15.2.2014 சனிக்கிழமை காலை. தங்களுக்கு அனுப்ப முந்திரிப்பருப்பு வாங்கலாம், வாங்கப்பா பண்ருட்டிக்கு என்று, துளை மாற்றிய பின் முதல் முறையாக வினோலியா காரை எடுத்தாள். பின்னால் சென்று பார்த்தேன், அட்டை தொங்குகிறது. அவள் அதைக் கழற்றக் கை நீட்டினாள். நான் தடுத்தேன்.

"மாட்டினவர்தான் எடுக்கணும்."

"அவர் எங்கப்பா?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட். ரெண்டு மணிக்கு வருவார்."

"பருப்புக் கடைக்குப் போக ரெண்டு மணி வரைக்கும் நான் காத்திருக்கணுமா? ஏறுங்கப்பா."

விதியை மீறி வண்டியை இயக்கியது அவள். அட்டையைக் காப்பாற்றியது நான். இருவர் மனமும் ஓரளவு அமைதியாக இருந்தது. ஆனால் நகரியத்தின் வளைவு வாயிலைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் அவள் முகம் மாறியது. இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை திருப்பினாள். பிறகு சாலையோரம் நிறுத்தினாள்.

"அப்பா, அட்டைய மாட்டிட்டு வண்டியில எதுல கைய வச்சீங்க?"

"ஏம்மா?"

"லெஃப்ட்ல திரும்புனா ஒரு வண்டியா இருக்கு, ரைட்ல திரும்புனா வேற வண்டியா இருக்கு. பின்னாடி பார் ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டையில இல்ல."

இருந்த இடத்தைவிட்டு அசையாமல், இருக்கையில் அமர்ந்தபடி இதைச் சொன்னாள், மாப்பிள்ளை. பிறகு இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்து, "இடது நுனியில இருக்கு, வலது மடிப்புல இருக்கு" என்று உறுதிசெய்தாள். காரில் ஆட்டத்தைக் குறைக்கத்தான் செய்தேன் என்று நான் விளக்கியபோது, "ஸ்பீட் பிரேக்கர்ல ரெண்டு வீலும் சேர்ந்து ஏறுதுல்லப்பா, அப்ப அந்த பார் வேலையே செய்யாது. ஒரு வீல் மட்டும் ஏறினாதான் செய்யும். அம்மா குலுங்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். இவ்வளவு நுட்பத்தையும் மனைவிக்கு உட்காரவைத்துக் கற்றுத்தந்திருக்கும் தங்கள் பொறுமையை எண்ணி, அந்தச் சங்கடத்திலும் நெகிழ்ந்தேன்.

பண்ருட்டிக்கு மிக மெதுவாகச் சென்றோம். கடைத்தெருவுக்குச் சற்று முன்னால் ஒரு காவலர் கையை நீட்டி நிறுத்தினார். காரைச் சுற்றி வந்து, பின்னால் நின்று, சத்தமாகப் படித்தார்.

"இன்னா சார் இது? இயக்காதேன்னு போர்டு மாட்டிக்கினு இயக்கிக்கினு வர்றீங்க? ஆட்கள் பணியில்னு போட்டிருக்கு, அடியில ஆளு கீதா?"

கேட்டதோடு நில்லாமல் உண்மையாகவே குனிந்து பார்த்தார். அட்டையின் வரலாறு, அதன் தேவை, 1980-களில் நேர்ந்த ஒரு படிப்பினை ஆகியவற்றை அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். பின்னால் பேருந்து ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. "எல்லாம் சரிங்க சார். மாட்டுனவரு வர்ற வரைக்கும் வண்டி இங்கியே நிக்கட்டுங்களா?" என்று கேட்டார். நிற்கலாம் என்று நான் சொல்லும் முன், முந்திரிக்கடை வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கத்தியை வாங்கி, கயிற்றை அறுத்து, அட்டையை என் மடியில் போட்டுவிட்டார். முந்திரி இரண்டு கிலோ, முழுப்பருப்பு, தனிப் பார்சலில் வருகிறது.

அன்று மாலையே மருதமுத்து என் வாசலில் நின்றார். "என் டேக்க யார் எடுத்தது?" என்பதே அவருடைய முதல் கேள்வி. போலீஸ்காரர் என்றேன். "போலீசா மாட்டுச்சி? நான்தான மாட்டுனேன்!" என்றார். நியாயம். அவரைச் சமாதானப்படுத்தக் காப்பி கொடுத்துவிட்டு, வலது முனை ஏன் மடிப்புத் துளையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"நீங்கதான சார் மொதல் ஓட்டன்னீங்க?"

"முதல் துளை நுனியில் இருப்பது. எக்ஸ்கவேட்டரில் மண்ணை வெட்டுகிற முனைதான் தலை. எண்ணிக்கை தலையிலிருந்து."

"கன்வேயர்ல பெல்ட்டு எங்கேர்ந்து பொறப்படுதோ அதான் ஒண்ணு. தண்டு மடிப்புலேர்ந்துதான பொறப்படுது? முப்பது வருசமா அப்படித்தான் எண்ணிக்கினு இருக்கேன். இதுல நீங்க வந்து தலைகீழா எண்ணச் சொன்னா?"

"தலைகீழாக எண்ணுவது நானா?"

16.2.2014 ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் இது தெருப் பிரச்சினையாகிவிட்டது. எக்ஸ்கவேட்டர்காரர்கள் என் பக்கம், கன்வேயர்காரர்கள் அவர் பக்கம். அனல்மின் நிலையத்தில் இருக்கும் கொளஞ்சியப்பன் இரண்டும் தவறு என்றும், எதையும் தரையிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றும் புதிதாக ஒரு முறையைக் கொண்டுவந்தார். முருங்கை மரத்தடியில் ஒன்பது பேர் குனிந்து நின்று ஒரே தண்டை மூன்று விதமாக எண்ணினார்கள். இட்லி மாவுப் பாத்திரத்தோடு அந்த வழியே போன பிரபாவதி சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, "இருந்த மாதிரி நடு ஓட்டையிலியே உட்டிருந்தா, எங்கேர்ந்து எண்ணினாலும் ரெண்டுதானுங்களே?" என்றார். கூட்டம் கலைந்தது. கொளஞ்சியப்பன் மட்டும் கொஞ்ச நேரம் விரலை மடக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

17.2.2014 திங்கள் பிற்பகல் நானும் மருதமுத்துவும் கூட்டாகப் பார்வையிட்டு, இம்முறை எண்ணைச் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டி, இரு முனையையும் நுனித் துளையில் மாட்டினோம். எழுந்து நிமிர்ந்தால் வினோலியா நிற்கிறாள். "அப்பா, மடிப்புப் பக்கம் போடுங்க. ஒம்பதாம் தேதிக்கு அதான் வேணும்" என்றாள். முடியாது என்றேன். மாப்பிள்ளையின் உயிரைவிட எனக்கு எந்தத் தடமும் பெரிதல்ல என்றேன். ஸ்பானரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ஸ்டியரிங்கில் என் சிவப்பு அட்டையை மாட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள். அதன்பின் பேச்சில்லை. சோறு வேண்டுமா, வேண்டாமா என்பதைக்கூடத் தன் அம்மா வழியாகச் சொல்லியனுப்புகிறாள். தாங்கள் கோபித்துக்கொள்வீர்களே என்ற அச்சத்தால்தான் அவள் இப்படி இருக்கிறாள் என்பது என் ஊகம்.

ஆகவே, மாப்பிள்ளை, வேண்டுகோள் இதுதான். 9.3.2014 அன்று தாங்கள் தடத்தில் இறங்க வேண்டாம். பயிற்சியைக் காரணம் காட்டியோ, மாமனாரைக் காரணம் காட்டியோ விலகிக்கொள்ளுங்கள். வேகத்தின் மேல் தங்களுக்குள்ள ஆசை எனக்குப் புரியாமலில்லை. 1976-இல் நானும் வாடகை சைக்கிளில் கைவிட்டு ஓட்டியவன்தான். ஆனாலும் நான்கு கதவுள்ள, நிமிர்ந்து இறங்கக்கூடிய ஒரு கார் இந்தக் குடும்பத்துக்குப் போதும். காரில் கைவைத்ததற்காக என்னை மன்னியுங்கள். மன்னித்ததை வினோலியாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எக்ஸ்கவேட்டரின் இரைச்சலில் 34 ஆண்டு இருந்தவனுக்கு இந்த வீட்டின் மூன்று நாள் அமைதி காதைக் குடைகிறது.

புனித சூசையப்பர் தங்களை எல்லா வளைவுகளிலும் சாயாமல் காப்பாராக. தங்கள் தாய் தந்தையருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். தங்கள் அத்தை ஆசீர் கூறுகிறார். முந்திரியை வறுத்துச் சாப்பிடச் சொல்கிறார்.

என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்,
சூ. சைமன்ராஜ்

இணைப்பு: பணி அனுமதிச் சீட்டின் நகல் – 1. துளைகளின் படம், இரு எண்ணிக்கை முறைகளுடன் – 1.

பின்குறிப்பு: நாள் 21.2.2014, வெள்ளிக்கிழமை, பகல் 12.40. வெளியே அனுப்பும் எந்தக் கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன் தங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். இன்று காலை படித்தேன். கையெழுத்தைப் பற்றிய பகுதியில் அவர் அரிவாள்மனையை ஓரமாக வைத்தார். ‘மாப்பிள்ளையின் உயிர்’ என்ற இடத்தில் சிரிப்பு தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, தடத்துல ஓட்டப் போறது மாப்பிள்ளையா? உங்க பொண்ணுங்க! கார் வாங்கினதே அவதான். போன வருசமே ரெண்டு தடவை ஓட்டியிருக்கா. மாப்பிள்ளைக்கு ரவுண்டானா சுத்தினாலே வாந்தி வரும். பாவம், அவரு பக்கத்து சீட்டுல கண்ண மூடிக்கினு ஜெபமாலை சொல்லிக்கினு வருவாராம். இந்த பிளாக்குல உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"மருதமுத்துவுக்கு?"

"பிரபாவதிக்குத் தெரியும்னா அவருக்குத் தெரியாம இருக்குமா?"

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க நிமிசத்துக்கு ஆறு மீட்டர் போறவரு. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது புலனாயிற்று. பிறகு பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வினோலியாவின் அறை வாசலில் போய் நின்றேன். அவள் கணிப்பொறியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எந்தத் துளைம்மா?" என்றேன்.

திரும்பினாள். நான்காம் நாள் வந்த முதல் சொல்: "மூணாவதுப்பா."

"எங்கேர்ந்து எண்ணி?"

அவள் சிரித்த சிரிப்பில், தெருமுனையிலிருந்து மருதமுத்துவே வந்துவிட்டார். மூவரும் படுத்தோம். மடிப்பை ஒட்டிய துளையில் இரு பக்கமும் மாட்டி, இறுக்கி, அதன்மேல் மஞ்சள் வண்ணத்தால் ஒரு புள்ளி வைத்தேன். இனி எந்தப் பிரிவுக்காரரும் எண்ண வேண்டிய அவசியமில்லை. பணி முடிந்ததும் ஸ்டியரிங்கில் தொங்கிய சிவப்பு அட்டையை வினோலியா எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றாள். மாட்டியவன் நான். நானே எடுத்தேன்.

ஆகவே மேலே கண்ட வேண்டுகோள் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான்கு கதவுக் காரைப் பற்றி எழுதியதையும், கையெழுத்தைப் பற்றி எழுதியதையும் எழுதாதவையாகக் கருதவும். எழுதி முடித்த கடிதத்தைக் கிழிப்பது என் வழக்கமில்லை என்பதால், திருத்தத்தோடு அப்படியே அனுப்புகிறேன். 9.3.2014 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு தாங்கள் அவசியம் வர வேண்டும். அதிகாலைத் திருப்பலி முடித்துக்கொண்டு நானும் மருதமுத்துவும் ஸ்பானரோடு வருகிறோம். தடத்தின் ஓரத்தில் தங்கள் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள். வளைவு வரும்போது, தாங்கள் கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒரு நொடி முன்னதாக, எனக்கும் சொல்லிவிடுங்கள்.

சூ.சை.